ஆபீஸ் வேலை குறைஞ்சா நம்ம ஸ்கூலு உருப்படுமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்க கொஞ்சம் வாங்க

பென்னாகரம்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பென்னாகரம் ஒன்றியத்துல ஒரு தொடக்கப்பள்ளி, ரெண்டே டீச்சர், அதுல ஹெச்எம் நான்தான். ஆர்டிஇ (கல்வி உரிமை) சட்டப்படி 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர் போதும், சரி, அதுல எனக்கு சண்டை இல்ல, ஆனா அந்த கணக்கு போட்டவங்க ஹெச்எம்மும் க்ளாஸ் எடுப்பாங்கனு நெனச்சுத்தானே போட்டிருப்பாங்க? காலைல எமிஸ் (பள்ளிக்கல்வித்துறையோட ஆன்லைன் பதிவு) ஆப்ல அட்டெண்டன்ஸ், பசங்களுக்கு ஒன்னு எங்களுக்கு ஒன்னு, காலை உணவு கணக்கு மகளிர் குழு அக்காதான் போடணும் ஆனா அவங்க போன்ல சிக்னல் இல்லனா என் போனை கேப்பாங்க, அப்புறம் எண்ணும் எழுத்தும் திட்டத்துல (சின்ன க்ளாஸ் பிள்ளைங்களுக்கு அடிப்படை எழுத்து, கணக்கு) மதிப்பீடு, எந்த பிள்ளை அரும்பு எந்த பிள்ளை மொட்டு எந்த பிள்ளை மலர்னு ஆன்லைன்ல ஏத்தணும், நடுவுல வாட்ஸ்அப்ல "மிக மிக அவசரம், தனிக்கவனம், இன்று மாலை 4 மணிக்குள்"னு ஒன்னு வரும். என்னனு தொறந்து பாத்தா கழிப்பறை எத்தனை, குழாய் எத்தனை. போன மாசமும் இதையேதான் கேட்டாங்க. யூடைஸ்லயும் (மத்திய அரசோட பள்ளி விவரத் தொகுப்பு) இதே இருக்கு, எமிஸ்லயும் இருக்கு.

எங்க ஸ்கூல்ல டவர் கெடைக்கறது புளியமரத்துக்கு கிட்ட மட்டும்தான். அங்க நின்னு போனை ஆட்டிட்டு இருக்கறப்ப உள்ள மூணாம் வகுப்பு தலைகீழா நிக்குது.

இதுல பாதியை எடுத்துட்டா பள்ளிக்கூடம் நல்லா நடக்குமா, இல்ல டீச்சருங்க நாங்க இன்னும் சோம்பேறி ஆயிடுவோமா? என் வீட்டுக்காரர் ரெண்டாவதுதான் நடக்கும்ங்கறார், அவர் ரெவின்யூல இருக்கார்.

பாலக்கோடு_பையன்:
உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி 😂 தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உலக வங்கி ஆளுங்க 2003ல இந்தியா பூரா கவர்மெண்ட் ஸ்கூலுக்கு சொல்லாம கொள்ளாம போய் பாத்தப்ப நாலுல ஒரு டீச்சர் ஸ்கூல்லயே இல்ல. எங்க ஊர்ல நான் அஞ்சாவது படிச்சப்ப ஒரு வாத்தியார் இருந்தாரு, காலைல வந்து கையெழுத்து போட்டுட்டு மாந்தோப்புக்கு தண்ணி பாய்ச்ச போயிடுவாரு. ஆப்ல அட்டெண்டன்ஸ் வந்தப்புறம்தான் இப்ப இருக்கற வாத்தியாரு பெல் அடிக்கறதுக்கு முன்னாடி வர்றாரு. அதை எடுத்தா மறுபடி மாந்தோப்புதான்.

அரூர்_பழைய_ஹெச்எம்:
தம்பி பாலக்கோடு, நீ சொல்ற ஆளு மாதிரி நானும் பாத்திருக்கேன், இல்லங்கல. ஆனா அந்த வாத்தியாரும் கையெழுத்து போட்டுட்டுத்தானே போனாரு? பேப்பர்ல அவரு ஃபுல் அட்டெண்டன்ஸ். ஆப்லயும் போட்டுட்டு போக ஆள் இருக்கு.

நான் சர்வீஸ்ல சேர்ந்தப்ப பதிவேடு ஒன்னும் குறைச்சல் இல்லங்க. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், இருப்புப் பதிவேடு, சுற்றறிக்கை பதிவேடு, பார்வையாளர் பதிவேடு, பாடக்குறிப்பு, அளவைப் பதிவேடுனு அலமாரி முழுக்க அடுக்கியிருக்கும். ஆனா அந்த நோட்டெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ளயே இருந்துச்சு, பாக்கணும்னா ஏஇஇஓ (உதவி தொடக்கக் கல்வி அலுவலர்) வந்துதான் பாக்கணும். ஆண்டாய்வுனா அப்ப பயம்தான், டிவிஎஸ் 50ல வருவாரு, நேரா நாலாம் வகுப்புக்குள்ள போய் உக்காருவாரு, ஒரு பையனை எழுப்பி தமிழ் புக்குல நடுவுல ஒரு பக்கத்தை படிக்க சொல்லுவாரு, முதல் பக்கம் இல்ல, நடுப்பக்கம், ஏன்னா முதல் பாடத்தை எல்லாரும் மனப்பாடம் பண்ணி வெச்சிருப்பாங்கனு அவருக்கு தெரியும். வகுத்தல் கணக்கு ஒன்னு போர்டுல போட சொல்லுவாரு. சாயங்காலம் எங்களை உக்கார வெச்சு பேசிட்டு எழுதிட்டு போவாரு, அடுத்த வருஷம் வந்தா போன வருஷம் எழுதினதை எடுத்துத்தான் ஆரம்பிப்பாரு. சில பேரு கோழிக்குழம்புக்கும் வந்தாங்க, அதையும் சொல்லிடறேன்.

இப்ப என்ன ஆச்சுனா 2018ல அரசாணை 101னு ஒன்னு போட்டு எல்லா அதிகாரத்தையும் சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) கிட்ட குவிச்சாங்க, ஏஇஇஓ பேரை பிஇஓனு (வட்டாரக் கல்வி அலுவலர்) மாத்தினாங்க, 2022ல மறுபடி பிரிச்சு தொடக்கக்கல்விக்கு தனி டிஇஓ (மாவட்டக் கல்வி அலுவலர்), இடைநிலைக்கு தனி, தனியார் பள்ளிக்கு தனினு கொண்டுவந்தாங்க. மேல இப்படி மாறிட்டே இருந்துச்சு, ஆனா பிஇஓ மட்டும் ஒன்றியத்துல இருக்கற அத்தனை ஸ்கூல் விவரத்தையும் தொகுத்து மேல அனுப்பற ஆளா ஆயிட்டாரு. க்ளாஸ்ல உக்கார அவருக்கு எங்க நேரம்?

பாலக்கோடு_பையன்:
ஐயா கோழிக்குழம்பு மேட்டரை ஒத்துக்கிட்டீங்க பாருங்க, அது புடிச்சிருக்கு.

ஓசூர்வாசி:
கவர்மெண்ட் ஸ்கூலை மட்டும் பேசறீங்க. நான் ஓசூர் பக்கம் ஒரு சின்ன நர்சரி பிரைமரி ஸ்கூல் நடத்தறேன், பெரிய கார்ப்பரேட் ஸ்கூல் இல்ல, சிப்காட்ல வேலை பாக்கறவங்க பிள்ளைங்க, வடநாட்டு லேபர் பிள்ளைங்க, அவ்வளவுதான். அங்கீகாரம் புதுப்பிக்கணும்னா கட்டட உறுதிச் சான்று இன்ஜினியர் கிட்ட, கட்டட உரிமம் தாசில்தார் கிட்ட, தீயணைப்பு சான்று அவங்க ஆபீஸ்ல, சுகாதார சான்று சுகாதாரத்துறைல. நாலும் வேற வேற தேதில காலாவதி ஆகும். ஒன்னு வாங்கறதுக்குள்ள இன்னொன்னு முடிஞ்சிரும், மறுபடி முதல்ல இருந்து. ஒவ்வொரு டேபிள்லயும் "கவனிக்கணும்". இதை எடுத்தாலே ஃபீஸ் குறைக்கலாம், டீச்சருக்கு சம்பளம் ஏத்தலாம். ஆபீசருங்க தொல்லை இல்லனா ஸ்கூலு நல்லா நடக்கும், இது என் கட்சி.

அதியமான்கோட்டை_அக்கா:
ஓசூர் சார், 2004 ஜூலை 16 கும்பகோணம். கூரை கொட்டாய்ல தீ புடிச்சு 94 பிள்ளைங்க. எனக்கு அப்ப கைக்குழந்தை, டிவில பாத்துட்டு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. அந்த சான்றிதழ்ல மட்டும் யாரும் கை வைக்காதீங்க. ஃபீஸ் குறைப்பீங்களாம், யார் நம்பறது.

ஓசூர்வாசி:
அக்கா கோவப்படாதீங்க. அந்த ஸ்கூலுக்கும் அங்கீகாரம் இருந்துச்சுங்க. கல்வித்துறை அதிகாரிங்க மேலயும் சேர்த்துத்தான் கேஸ் போட்டாங்க. போய் நின்னு மேல கூரையை பாத்திருந்தா விட்டிருப்பாங்களா? நான் தீயணைப்பு சான்றே வேணாம்னு சொல்லல, ஒரே நாள்ல நாலு ஆபீசரும் ஒன்னா வந்து பாருங்க, நல்லா பாருங்க, குறை இருந்தா பூட்டிட்டு போங்க. ஆனா யாரும் வர்றதே இல்லயே, நான்தான் ஃபைலை தூக்கிட்டு கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் அலையறேன்.

அதியமான்கோட்டை_அக்கா:
ம்ம். பூட்டிட்டு போங்கனு சொன்னீங்களே, அது சரி.

பென்னாகரம்_டீச்சர்:
ஓசூர் சார் சொன்னதும் அரூர் ஐயா சொன்னதும் ஒரே இடத்துக்குத்தான் வருது. என் கதை ஒன்னு சொல்றேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கர்ல்ஸ் டாய்லெட்ல பேசின் உடைஞ்சிருச்சு. 31ல இருந்து 100 பிள்ளைங்க இருக்கற ஸ்கூலுக்கு சமக்ர சிக்ஷா (மத்திய அரசோட பள்ளிக்கல்வித் திட்டம்) விதிப்படி பள்ளி மானியம் வருஷத்துக்கு 25,000, அதுல பத்து பர்சென்ட் சுத்தம் சுகாதாரத்துக்கு. அதாவது காசு இருக்கு (வந்தப்ப இருந்துச்சு). ஆனா கையில எடுத்து குடுக்க முடியாது, பிஎஃப்எம்எஸ்ல (அரசாங்க பணம் போற ஆன்லைன் வழி) போடணும், காசு வாங்கறவரை முதல்ல வெண்டார்னு பதிவு பண்ணணும், பில்லு வேணும். எங்க ஊர் கொத்தனார் கிட்ட ஏது பில் புக்கு? அவரு சொல்றாரு, "டீச்சர் ரெண்டு மணி நேர வேலை, காசு கூட அப்புறமா குடுங்க"னு. அவர் பேர்ல குடுக்க வழி இல்லனு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, அதனால ஹார்டுவேர் கடைக்காரர் கிட்ட போய் கூலியையும் சேர்த்து பில்லு கேட்டா, அவர் அதுக்கு மேல ஒரு தொகை கேக்கறார். நேர்மையா வேலை செஞ்சவருக்கு நேர்மையா காசு குடுக்க ஒரு பொய் பில்லு வேணும்னு ஆச்சு.

அது முடிஞ்சுதா, அப்புறம் பேமெண்ட் அட்வைஸ் பிரிண்ட் எடுத்து ஹெச்எம் கையெழுத்து, எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) தலைவர் கையெழுத்து, கொண்டுபோய் பேங்க்ல குடுக்கணும், லேட் ஆனா அது காலாவதி. எங்க எஸ்எம்சி தலைவி ஒரு பிள்ளையோட அம்மா, ரொம்ப தைரியமான பொண்ணு, 2022ல கமிட்டி மாத்தி அமைச்சப்ப ஊரே சேர்ந்து அவங்களை வெச்சுது. ஆனா வேலை பெங்களூர்ல, கட்டட வேலை. நம்ம ஏரியால பாதி வீடு அப்படித்தானே. போன் போட்டேன், "மேஸ்திரி லீவு குடுக்க மாட்டாரு டீச்சர், சனிக்கிழமை நைட்டு வர்றேன்"னு சொன்னாங்க, ஞாயிற்றுக்கிழமை காலைல அவங்க வீட்டு திண்ணைலயே கையெழுத்து வாங்கினேன், திங்கக்கிழமை பேங்க் லீவு.

இத்தனைக்கும் நடுவுல அஞ்சாவது படிக்கற பொண்ணுங்க மதியானத்துல வீட்டுக்கு ஓடிட்டு இருந்தாங்க, சில பேரு திரும்பி வரல. கடைசில நான் என் காசுலதான் பேசின் போட்டேன். எனக்கு கோவம் அந்த காசு மேல இல்ல. அந்த டாய்லெட் "பயன்பாட்டில் உள்ளதா"னு எத்தனையோ ஃபார்ம்ல கேட்டாங்க, "இல்லை"னு போட்டேன். ஒருத்தரும் திருப்பி ஏன்னு கேக்கல.

மொரப்பூர்_மணி:
👏👏 கடைசி வரி.

அரூர்_பழைய_ஹெச்எம்:
மானியம் வந்தப்பனு சொன்னீங்களே, அதையும் சேர்த்து சொல்லணும். 2024ல இருந்து பிஎம் ஸ்ரீ (மத்திய அரசோட மாதிரிப் பள்ளித் திட்டம்) ஒப்பந்தத்துல கையெழுத்து போடலனு சமக்ர சிக்ஷா காசு 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வெச்சாங்கள்ல, அதுவும் இதே வியாதியோட பெரிய சைஸ். டெல்லில ஃபைல் நின்னா பென்னாகரத்துல பேசின் நிக்குது.

நிர்வாகி: கட்சி அரசியல் வேணாம், திரி பூட்டிருவேன்.

கெலமங்கலம்_லேப்:
நான் ஹைடெக் லேப்ல வேலை பாக்கறேன், எமிஸ் வேலை பாதி என் தலைலதான். எல்லாரும் எமிஸை திட்டறீங்க, என் சைடும் கேளுங்க. முன்னாடி ஒரு பையன் ஸ்கூலை விட்டு நின்னா வருகைப் பதிவேட்ல சிவப்பு மை கோடு, அவ்வளவுதான், எங்க போனான்னு யாருக்கும் தெரியாது. இப்ப எமிஸ் நம்பர் இருக்கு, டிசி வாங்கினா காமன் பூலுக்கு (ஸ்கூல் மாறற பிள்ளைங்களோட பொதுப் பட்டியல்) போவான், அடுத்த ஸ்கூல் எடுத்துக்கும், எடுக்கலனா லிஸ்ட்ல நிப்பான், அந்த லிஸ்ட்டை வெச்சுத்தான் நாங்க அஞ்செட்டி, தளி பக்கமெல்லாம் வீடு வீடா போறோம். எட்டாவது முடிச்ச பொண்ணு திடீர்னு வரலனா நம்ம மாவட்டத்துல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும், கல்யாணம் பேசிட்டாங்கனு அர்த்தம். டேட்டா இருக்கறதாலதான் 1098க்கு (குழந்தைங்க உதவி எண்) நேரத்துல போன் போகுது. அதனால மொத்தமா எடுங்கனு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா இதுலயும் ஓட்டை இருக்கு. எங்க பசங்க பார்டரை தாண்டி அத்திப்பள்ளி போயிட்டா கர்நாடகா, அங்க அவங்களுக்கு தனியா ஒரு சிஸ்டம். பார்டர் ஸ்கூல்ல தெலுங்கு மீடியம், கன்னட மீடியம் பிள்ளைங்க இந்த பக்கம் ஆறு மாசம் அந்த பக்கம் ஆறு மாசம் இருப்பாங்க, எங்க லிஸ்ட்ல இடைநிற்றல்னு வரும், பிள்ளை அங்க நல்லா படிச்சிட்டு இருக்கும். நாங்க போன் போட்டு கேட்டு தெரிஞ்சுக்கிட்டாலும் அதை எழுத அந்த ஸ்க்ரீன்ல சரியான கட்டம் கெடையாது.

பெங்களூர்ல_ஐடி_காவேரிப்பட்டினம்:
ஃபின்லாந்துல 1990கள்லயே இன்ஸ்பெக்ஷனே எடுத்துட்டாங்க ப்ரோ, டீச்சரை நம்பி விட்டுட்டாங்க, 2000கள்ல உலகத்துலயே டாப்ல இருந்தாங்க. நம்ம ஆளுங்களுக்கு எப்பதான் புரியும்.

அரூர்_பழைய_ஹெச்எம்:
அங்க சின்ன க்ளாஸ் டீச்சருக்கே முதுகலை பட்டம் வேணும் தம்பி, அந்த படிப்புக்குள்ள நுழையறதே குதிரைக்கொம்பு. முதல்ல வடிகட்டிட்டு அப்புறம் நம்பறாங்க. இன்ஸ்பெக்டரை மட்டும் எடுத்துட்டா போதாது.

ஊத்தங்கரை_அம்மா:
நான் டீச்சர் இல்ல, வெறும் அம்மா. என் பையன் ஒரு தனியார் ஸ்கூல்ல படிச்சான், வீட்டுக்காரருக்கு ஆக்சிடெண்ட் ஆகி ஒரு வருஷம் ஃபீஸ் பாக்கி ஆயிருச்சு, கவர்மெண்ட் ஸ்கூல்ல சேர்க்கலாம்னு போனோம். அங்க சேர்த்துக்கிட்டாங்க, உக்காந்து படிச்சான், புக்கும் குடுத்தாங்க, ஆனா பழைய ஸ்கூல்ல இருந்து எமிஸ்ல விடவே மாட்டேங்கறாங்க. பாக்கிய கட்டினாதான் விடுவோம்னு. கம்ப்யூட்டர்ல அவன் இன்னும் அங்கதான் படிக்கறான். பஸ் பாஸ் வரல, எதுவும் வரல. அப்புறம்தான் தெரிஞ்சுது, டிசியை வெச்சு ஃபீஸ் வசூல் பண்ணக்கூடாதுனு சென்னை ஹைகோர்ட்டே 2024ல சொல்லியிருக்குனு. ஆர்டிஇ சட்டத்துலயும் டிசி லேட் ஆனா அதை காரணம் காட்டி சேர்க்காம இருக்கக்கூடாதுனு இருக்காம்.

பிஇஓ ஆபீஸ்ல ஒரு மேடம், எங்க கண்ணு முன்னாடியே அந்த ஸ்கூலுக்கு போன் போட்டாங்க. சத்தம் கூட போடல. "நான் நேர்ல வரட்டுமா"னு மட்டும் கேட்டாங்க. சாயங்காலம் பையன் பேரு வந்துருச்சு. அதனால ஆபீசரே வேணாம்னு சொல்ற ஆளு நான் இல்ல. அந்த மேடம் மாதிரி ஒருத்தர் ஆபீஸ்ல இருந்தாங்கனா போதும், ஆனா அவங்க டேபிள் மேல இருந்த ஃபைலை பாத்தா எனக்கே பாவமா இருந்துச்சு.

சித்தேரி_மலைக்காரன்:
டீச்சருக்கு வேலை அதிகம், ஸ்கூல்காரருக்கு அலைச்சல், எல்லாம் சரி. பேப்பரால ரொம்ப அடி வாங்கறது பிள்ளைங்கதான், அதை யாரும் சொல்லல. நாங்க மலையாளி (கேரளா இல்ல, மலைவாழ் பழங்குடி), எஸ்டி லிஸ்ட்ல தர்மபுரி மாவட்டம்னு பேர் போட்டே இருக்கு. ஆனா சாதிச் சான்று ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) கிட்டத்தான், எங்களுக்கு அரூர்ல. அப்பனுக்கு சான்று இருந்தா சுலபம், இல்லனா தாத்தா பேரு, பூர்வீகம், விசாரணை. ஆதார்ல ஒரு எழுத்து, ஸ்கூல் ரெக்கார்டுல ஒரு எழுத்து, பேங்க்ல ஒரு எழுத்து இருந்தா ஸ்காலர்ஷிப் திரும்பி போயிடும். மலையில இருந்து கீழ இறங்கி ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு, அங்க போய் சர்வர் டவுன்னா இன்னொரு நாள். என் தங்கச்சி ப்ளஸ் டூ முடிச்சு ஒரு வருஷம் வீட்ல இருந்தா இந்த ஒரு சான்றுக்காக. பத்தாவது படிக்கறப்பவே ஸ்கூலுக்கு வருவாய்த்துறை ஆளுங்க வந்து எல்லாருக்கும் ஒட்டுமொத்தமா முடிச்சு குடுத்தா என்ன? முகாம் போடறாங்க, ஆனா விசாரணை வேண்டிய கேஸை எல்லாம் ஒதுக்கி வெச்சிட்டு சுலபமானதை மட்டும் முடிச்சுட்டு போட்டோ எடுத்துட்டு போயிடறாங்க.

பாலக்கோடு_பையன்:
சரி, நான் எறங்கி வர்றேன் கொஞ்சம். மேடம், உங்க கையில அதிகாரம் குடுத்தா எதை வெட்டுவீங்க? எல்லாத்தையும்னு சொல்லக்கூடாது.

பென்னாகரம்_டீச்சர்:
அட்டெண்டன்ஸை வெட்ட மாட்டேன், உங்க மாந்தோப்பு வாத்தியாருக்காக. பிள்ளைங்க பாதுகாப்பு, கட்டடம் சம்பந்தப்பட்டது எதையும் தொட மாட்டேன். ஒரு தடவை ஏத்தின விவரத்தை மறுபடி யாரு கேட்டாலும், அது சிஇஓ ஆபீஸா இருந்தாலும் சென்னையா இருந்தாலும், "எமிஸ்ல பாத்துக்கோங்க"னு திருப்பி அனுப்ப பிஇஓவுக்கு உரிமை குடுப்பேன். அதுலயே பாதி போயிடும். ஏன் மறுபடி மறுபடி கேக்கறாங்கனா மேல மீட்டிங்ல கேட்டா உடனே சொல்லணும்ங்கற பயம், போர்ட்டல்ல தேடறதை விட வாட்ஸ்அப்ல எங்களை கேக்கறது ஈஸி. அந்த பயம் படிப்படியா கீழ வந்து கடைசில மூணாம் வகுப்பு நேரத்துல விடியுது.

அப்புறம் சின்ன ரிப்பேருக்கு ஒரு ரெண்டாயிரம் மூவாயிரம் கையில குடுங்க. கணக்கை எஸ்எம்சி கூட்டத்துல அம்மாங்க முன்னாடி படிச்சு காட்டறேன், அவங்களை ஏமாத்தறது ஆடிட்டரை ஏமாத்தறதை விட கஷ்டம், ஒரு பேசின் வாங்கினா எவ்வளவு ஆகும்னு அவங்களுக்கு தெரியும். பிஇஓ மாசத்துக்கு சில ஸ்கூல்லயாவது ஒரு முழு நாள் உக்காரட்டும். எனக்கு அது பயம்தான், வரட்டும்.

தேர்தல் வேலையை வெட்ட சொல்ல முடியாது, ஆர்டிஇ 27வது பிரிவே தேர்தல், மக்கள்தொகை கணக்கெடுப்பு, பேரிடருக்கு விதிவிலக்கு குடுத்திருக்கு. 2025 நவம்பர்ல வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு எங்க ஒன்றியத்துல டீச்சருங்க ஃபார்மை தூக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கினாங்க. ஆனா ரெண்டு டீச்சர் ஸ்கூல்ல இருந்து ஒருத்தரை எடுக்காதீங்க, அது மட்டும்.

அரூர்_பழைய_ஹெச்எம்:
அம்மா சொன்ன எஸ்எம்சி கணக்குக்கு முன்னோடி இருக்கு. காமராஜர் காலத்துல நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநரா இருந்தப்ப பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினாரு. ஊர் ஜனங்க கிட்ட பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்னு கேட்டு, அவங்களே பெஞ்சு, மணி, கட்டடம், சோறுனு குடுத்தாங்க. அவரும் அதிகாரிதான், பக்கா அரசாங்க ஆளு. ஆனா ஊருக்கு போனாரு. இப்ப ஆபீசருங்க எண்ணிக்கை அதிகம்னு நான் சொல்ல மாட்டேன், காலி இடம்தான் அதிகம். இருக்கறவங்க ஸ்க்ரீனை பாத்துட்டு உக்காந்திருக்காங்க.

ஓசூர்வாசி:
ஐயா சொல்றதை பாதி ஒத்துக்கறேன். ஆனா ஊர் ஜனங்க கையில குடுத்தா ஊர்ல பெரிய சாதிக்காரன் கையிலதான் போகும், கமிட்டில அம்மாங்க பேர் இருக்கும், பேசறது அவங்க வீட்டு ஆம்பளைங்க. இதையும் பாக்கணும்.

பென்னாகரம்_டீச்சர்:
உண்மைதான் சார். எங்க ஊர்ல அதனாலதான் அந்த பெங்களூர் பொண்ணையே விடாம வெச்சிருக்கோம், அவங்க யாருக்கும் அடங்க மாட்டாங்க. சரி அது இருக்கட்டும், கெலமங்கலம் தம்பி, ஒரு டவுட். அவங்க ஊர்ல இல்லாதப்ப கையெழுத்துக்கு வேற உறுப்பினரை போட முடியுமா? தீர்மானம் போட்டா பேங்க்ல ஏத்துக்குவாங்களா?

கெலமங்கலம்_லேப்:
தீர்மானம் போடலாம் மேடம், ஆனா கையெழுத்து மாத்தணும்னா பேங்க்ல புதுசா கேஒய்சி, போட்டோ, பிஇஓ கவரிங் லெட்டர்னு கேப்பாங்க, அது முடியறதுக்குள்ள அவங்களே வந்துருவாங்க. எங்க பக்கம் ஒரு ஹெச்எம் என்ன பண்றாருனா, தலைவர் ஊருக்கு வர்ற பண்டிகையை பாத்து அதுக்கு முந்தின வாரமே பில்லெல்லாம் ரெடி பண்ணி வெச்சிருவாரு, பிரிண்ட் மட்டும் அவங்க வந்தன்னிக்கு எடுப்பாரு, அப்ப காலாவதி பிரச்சனை வராது. கொத்தனாரையும் வெண்டாரா பதிவு பண்ணலாம், பேங்க் பாஸ்புக்கும் பான் கார்டும் இருந்தா எங்க ப்ளாக்ல ஏத்துக்கிட்டாங்க. உங்க பிஆர்சில (வட்டார வள மையம்) ஒரு தடவை கேட்டுப்பாருங்க, ஆபீசுக்கு ஆபீஸ் மாறும்.

பென்னாகரம்_டீச்சர்:
பாஸ்புக் இருக்கு. பான் கார்டு கேட்டா சிரிப்பாரு, ஆனாலும் கேக்கறேன். தாங்க்ஸ் தம்பி.